ஐந்தாம் கிண்ணமும் பதினான்காம் கிண்ணமும்

நக்குன்டா,
பிப்ரவரி 6

தங்கச்சி அலினாஃபேக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். ஃபலேசி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். நான் எழுதாத காலத்திலும் உன் அண்ணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி பதினாறாம் தேதி முலாஞ்சே மலையில் பெய்த மழையில் லிகுபே ஓடை கல்லும் மரமுமாக இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் எடுக்கும் தொட்டியில் கம்பி வலை கிழிந்து ஒரு கல் குழாய்க்குள் புகுந்தது. கோழிமுட்டை அளவுதான். ஆனால் அத்தனை உயரத்திலிருந்து குழாய் வழியே வந்தால் அது கல் இல்லை, துப்பாக்கிக் குண்டு. டர்பைன் சக்கரத்தில் பதினெட்டு வெண்கலக் கிண்ணங்கள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாவதும் ஆறாவதும் கழுத்தோடு ஒடிந்துவிட்டன.

அன்றிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. மாவு மில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் தடுப்பூசிப் பெட்டி சூடாகிவிட்டது. போன் டவரும் இந்தக் கரண்டில்தான் ஓடியது. அதனால்தான் கடிதம்.

வெளிநாட்டிலிருந்து கிண்ணம் வர ஏழு மாதம் ஆகும் என்கிறார்கள். நகரத்தில் ஒரு இடத்தில் வெண்கலத்தில் வார்த்து வாங்கினோம். தட்டியபோதே பொத்தென்றது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ரொட்டி மாதிரி ஓட்டை. நீ துணியும் ரெசின் பசையும் வைத்து இரும்பு மாதிரி பாகங்கள் செய்கிற பட்டறையில் இருப்பதாக மினிபஸ் ஓட்டுகிற கிங்ஸ்லி சொன்னான். உடைந்தது ஒன்று, நல்லது ஒன்று, இரண்டையும் மாவுச் சாக்கில் கட்டி அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். முடியுமா என்று பார். நல்லதைத் திருப்பி அனுப்பிவிடு.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன் அண்ணன்
மயேஸோ


லிம்பே,
பிப்ரவரி 10

மயேஸோ அண்ணன் அவர்களுக்கு,

சாக்கு வந்து சேர்ந்தது. நாள் முழுக்க மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தை மட்டும் அல்ல, உங்கள் கையெழுத்தையும்தான்.

மூன்று வருடம் எட்டு மாதம் கழித்து எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் நிலம் பெண் வழியில் வரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று இருந்தது ஓடைக்கரை நிலம் ஒன்றுதான். நான் இங்கே தொழில் படித்துக்கொண்டிருந்தபோது அதில் டர்பைன் கொட்டகை கட்ட நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். நான் வந்து பார்த்தபோது கூரை வரைக்கும் ஏறியிருந்தது. கூட்டத்தில் கேட்டேன். எல்லார் முன்னாலும் என்ன சொன்னீர்கள்? "ஊர்ல இல்லாதவளுக்கு ஊர்ல நிலம் எதுக்கு?" சிரித்தார்கள். மின்சாரக் கமிட்டித் தலைவர் நஸோம்பே கையே தட்டினார்.

கிண்ணம் செய்கிறேன். அதற்கு நிபந்தனை எதுவும் இல்லை. ஊசி போட்டுக்கொள்ள வரும் குழந்தைகளா அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்? ஆனால் அன்று கூட்டத்தில் சொன்னதை அதே கூட்டத்தில் திருத்திச் சொல்லுங்கள். இதைக் கிண்ணத்துக்கு விலையாகக் கேட்கவில்லை. தங்கையாகக் கேட்கிறேன்.

இனி வேலை. தொட்டியிலிருந்து கொட்டகை வரை தண்ணீர் எத்தனை மீட்டர் இறங்குகிறது? பீய்ச்சும் வாயின் விட்டம் என்ன? சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? போல்ட் துளைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம்? தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். குத்துமதிப்பாக எழுத வேண்டாம்.

அலினாஃபே


நக்குன்டா,
பிப்ரவரி 15

தங்கச்சிக்கு,

எப்போதிருந்து எனக்கு 'நீங்கள்' போட ஆரம்பித்தாய்? ஊர்த் தலைவிக்கு மனு எழுதுவது போல இருந்தது. ஃபலேசி படித்துவிட்டு "நல்லா வேணும்" என்றாள். எனக்குத்தான் சொன்னாள்.

இறக்கம் நூற்றுப் பதினெட்டு மீட்டர். இரண்டு முறை அளந்தேன். பீய்ச்சும் வாய் நாற்பத்திரண்டு மில்லி. சுற்று ஆயிரம். துளைத் தூரம் தனித் தாளில் வரைந்திருக்கிறேன். கிண்ணத்தின் முதுகுக்கும் அடுத்த கிண்ணத்தின் உதட்டுக்கும் நடுவே என் கட்டைவிரல் நுழையும், ஆள்காட்டி விரலும் சேர்ந்து நுழையாது. இது குத்துமதிப்புதான். ஆனால் விரல் என்னுடையது, பொய் சொல்லாது.

ஊர் நிலைமையைச் சொல்கிறேன். பெண்கள் மக்காச்சோளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு டீசல் மில்லுக்குப் பதினோரு கிலோமீட்டர் நடக்கிறார்கள். நர்ஸ் ஸ்டெனலா வாரம் இரண்டு நாள் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் வருகிறாள். கரண்ட் போன அன்று சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளுக்குப் பாதித் தலைதான் வெட்டியிருந்தது. மீதியை ஃபலேசி கத்தரிக்கோலால் முடித்தாள். இப்போது இரண்டு பாதிக்கும் சம்பந்தமே இல்லை.

நீ ரெசினில் செய்கிறாய் என்று கமிட்டியில் சொன்னேன். நஸோம்பே விழுந்து விழுந்து சிரித்தார். "வெண்கலமே தாங்கல. பிளாஸ்டிக் வாளி செய்யுற பொண்ணு அகப்பை செஞ்சு அனுப்பப் போறாளா? அதுல ன்சிமாக் களி கிண்டலாம்யா." நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நீ கேட்ட அந்தக் கூட்ட விஷயம். இது மழைக்காலம். ஊர்க் கூட்டம் கூடுவதே இல்லை. பார்க்கலாம்.

மயேஸோ


லிம்பே,
மார்ச் 3

அண்ணன் அவர்களுக்கு,

இத்துடன் இரண்டு கிண்ணங்கள் வருகின்றன. உங்கள் நல்ல கிண்ணமும் அதே பெட்டியில் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் என் அவசரம்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

பட்டறை முதலாளி லிகொங்வே அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லிங் மெஷினை எனக்கு விட்டுக்கொடுத்தார். நல்ல கிண்ணத்தை மெஷினில் பூட்டி, ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு நானூற்றுச் சொச்சம் இடங்களில் ஆழம் எடுத்தேன். தண்ணீர் வந்து மோதும் நடு வரப்பில் மட்டும் நூறு இடங்கள். அது தண்ணீரைச் சரியாக இரண்டாகப் பிளக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். அந்த அளவுகளை வைத்து அலுமினியக் கட்டியில் இரண்டு துண்டு அச்சு குடைந்தேன். குடைந்த தழும்பு போக மூன்று நாள் உப்புத்தாள் தேய்த்தேன். கடைசித் தாள் துணியைவிட மிருது. விரல் நுனியில் தோல் போய்விட்டது.

அச்சுக்கு மெழுகு பூசி, கார்பன் துணியையும் கண்ணாடி இழைத் துணியையும் வெட்டி அடுக்கி, மூடி, ரெசினை உள்ளே இழுக்கவிட்டேன். காற்றை உறிஞ்சுவதற்குப் பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர். மறுநாள் அச்சைத் திறந்தால் திறக்கவில்லை. கிண்ணத்தின் முதுகு உள்பக்கமாக வளைகிறது. இரண்டு துண்டு அச்சிலிருந்து அது வெளியே வராது என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ரம்பம் போட்டு அறுத்துத்தான் எடுத்தேன். அச்சிலும் கீறல். லிகொங்வே அம்மா எட்டிப் பார்த்து, "அச்சு கிண்ணத்த முழுங்கிடுச்சா, கிண்ணம் அச்ச முழுங்கிடுச்சா?" என்றார்.

மூன்று துண்டாக மறுபடி குடைந்தேன். அடுத்த வார்ப்பு அழகாக வந்தது. காசால் தட்டினேன். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் அமுங்கியது. உள்ளே காற்றுக் குமிழி. ஓவியம் மாதிரி இருந்தது அண்ணா. சம்மட்டியால் உடைத்துப் போட்டேன். அடுத்த இரண்டும் விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சத்தம். சூட்டில் இறுகினால்தான் ரெசின் பலப்படும். எங்களிடம் அடுப்பு இல்லை. பக்கத்து பேக்கரிக்காரர் பன் எடுத்த பிறகு அடுப்பைக் கொடுத்தார். பெட்டியைத் திறக்கும்போது பன் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம்.

நடு வரப்பில் எஃகுத் தகடு பதித்திருக்கிறேன், மணல் அரிக்காமல் இருக்க. போல்ட் துளைகளில் பித்தளைக் குழல் இருக்கிறது. ஒரேயடியாக முறுக்க வேண்டாம். நாலு போல்ட்டையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கூட்டம் கூடியதா?

அலினாஃபே


நக்குன்டா,
மார்ச் 9

அலினாஃபே,

மாட்டினேன். நீ சொன்ன மாதிரியே சுற்றிச் சுற்றி இறுக்கினேன். ஊரே கொட்டகை வாசலில் நின்றது. ஸ்டெனலா ஃபிரிட்ஜைத் துடைத்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

வால்வைக் கால்வாசி திறந்தேன். சக்கரம் சுற்றியது. எல்லாரும் கத்தினார்கள். பாதி திறந்தேன். கொட்டகையே நடுங்க ஆரம்பித்தது. சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அடித்தளத்து போல்ட் ஒன்று என் கண் முன்னால் கழன்று வந்தது. வால்வை மூடி, சக்கரம் நிற்பதற்குள் என் உயிர் போய்த் திரும்பியது. மொத்தம் நாலு நிமிடம் ஓடியிருக்காது. பேரிங் தப்பித்ததே பெரிது.

நஸோம்பே சிரிக்கக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இனிமே யாரும் அதுல கை வைக்கக் கூடாது" என்று பூட்டுப் போட்டு, சாவியை ஊர்த் தலைவியிடம் கொடுத்துவிட்டார். நானும் கோபத்தில் உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். சொன்னேன் என்பதை மறைக்கவில்லை.

நானூறு இடத்தில் அளந்தாயே, இது ஏன் தெரியவில்லை?

மயேஸோ


லிம்பே,
மார்ச் 12

அண்ணா,

கிங்ஸ்லி உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நகரவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். படித்து முடித்ததும் உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். 'பக்கத்துப் பக்கத்தில்' என்று நீ எழுதியிருக்கிறாய். தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன்.

தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. வெண்கலக் கிண்ணம் தொள்ளாயிரம் கிராம். நான் செய்தது முன்னூற்றுப் பத்து. எடை குறைவு என்று பெருமைப்பட்டேனே தவிர, சக்கரத்தில் ஒரே பக்கம் இரண்டும் லேசாகிவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஆயிரம் சுற்றில் மறுபக்கம் சக்கரத்தை இழுத்துக்கொண்டு ஓடும். வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் எடையைக் கோட்டைவிட்டேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அதை எழுத முடியவில்லை.

கிண்ணத்தில் குறையில்லை. இதை எவ்வளவு யோசித்து எழுதுகிறேன் என்று உனக்குப் புரிய வேண்டும். பதினெட்டில் ஐந்துக்கு நேர் எதிரே பதினான்கு. என் கிண்ணம் ஒன்று ஐந்தாம் இடத்தில் இருக்கட்டும். ஆறாம் இடத்தில் இருப்பதைக் கழற்றிப் பதினான்காம் இடத்தில் மாட்டு. பதினான்கில் இருக்கும் வெண்கலத்தை எடுத்து ஆறில் போடு. லேசானவை எதிரெதிரே நின்றால் ஒன்றை ஒன்று சரிக்கட்டும். மாட்டுவதற்கு முன் இரண்டையும் காசால் தட்டிப் பார். ஒரு இடத்தில் சத்தம் அமுங்கினாலும் மாட்டாதே.

இந்தத் தடவையும் நடுங்கினால் நானே வந்து கமிட்டி முன்னால் நிற்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் நடுங்காது.

நீ நாலு வார்த்தை சொன்னது இருக்கட்டும். அதில் இரண்டு எனக்குப் பொருந்தும்.

அலினாஃபே


நக்குன்டா,
மார்ச் 24

அலினாஃபே,

இப்போது டவர் வந்துவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ நடுவில் நடுவில் பேசுவாய். இதை நான் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வந்ததும் தலைவியிடம் போய்ச் சாவி கேட்டேன். கமிட்டி பூட்டியதைத் தனியாகத் திறந்துவிட முடியாது என்று கூட்டம் போட்டார். மழை விட்டிருந்தது. மாமரத்தடியில் எல்லாரும் வந்திருந்தார்கள். நஸோம்பே எழுந்தார். "வெளிநாட்டுச் சாமான் வர வரைக்கும் பூட்டு பூட்டாவே இருக்கட்டும். அந்தப் பொண்ணு அனுப்புனதால அன்னிக்கே நாலு பேர் செத்திருப்பாங்க" என்றார். அதில் பொய் இல்லை. அதனால் பலரும் தலையாட்டினார்கள்.

"சாவியக் குடுங்க. தப்பு எங்கேன்னு அவளே கண்டுபிடிச்சு எழுதியிருக்கா. இன்னொரு தடவை மாட்டிப் பாக்கணும்" என்றேன்.

"யாரக் கேட்டுய்யா?" என்றார் நஸோம்பே.

அந்தக் கேள்விதான். யாரைக் கேட்டு. எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கேக்க வேண்டியது உங்கள இல்ல. கொட்டகை நிக்குற இடம் அலினாஃபேயோடது. அம்மா வழியில அவளுக்கு வந்தது. அவளக் கேக்காம நான் கையெழுத்துப் போட்டேன். போட எனக்கு உரிமை இல்ல. அவ வந்து கேட்டப்போ, ஊர்ல இல்லாதவளுக்கு நிலம் எதுக்குன்னு இதே எடத்துல சொன்னேன். அது தப்பு. இப்ப அவ நிலத்துல, அவளக் கேக்காம, நீங்க பூட்டுப் போட்டிருக்கீங்க. நான் செஞ்சதத்தான் நீங்களும் செய்யுறீங்க."

தலைவி என்னையே பார்த்தார். "இத அன்னிக்கு ஏன்டா சொல்லல?"

"அன்னிக்குக் கொட்டகை வாசல் பலகையில என் பேர எழுதுனாங்கம்மா. பொறுப்பாளர் மயேஸோன்னு. அது நல்லா இருந்துச்சு."

"அப்ப உன் தங்கச்சியக் கூப்ட்டு கொட்டகையத் தூக்கிட்டுப் போகச் சொல்லு!" என்றார் நஸோம்பே. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அவ எடம்னா அவ சொல்றதுதான். அவ என்ன சொல்றா?" என்று தலைவி கேட்டார்.

"அஞ்சாவதும் பதினாலாவதும்னு சொல்றா" என்றேன். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். பரவாயில்லை.

சாவிக்காகத்தான் சொன்னேன் என்று நீ நினைப்பாய். பாதி உண்மை. சாவி தேவைப்படாவிட்டால் இந்த மழைக்கும் அடுத்த மழைக்கும் தள்ளிப் போட்டிருப்பேன். ஆனால் சொல்லி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாவியை வாங்க ஃபலேசிதான் எழுந்து போனாள். அந்தப் பாதியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினான்காம் கிண்ணத்தின் போல்ட்டுகள் துருவில் உறைந்துபோயிருந்தன. இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி, தட்டி, மறுபடி ஊற்றினோம். நாலாவது போல்ட்டுக்கு நானும் ஃபலேசியும் ஸ்பானரின் ஒரே பிடியில் தொங்கினோம். அவள் இழுத்த இழுப்பில்தான் அசைந்தது. அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் இரண்டையும் காசால் தட்டினேன். அமுங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வால்வைத் திறந்தேன். வாசலில் அதிகம் பேர் இல்லை. போன தடவை பயந்தது போதும் என்று வரவில்லை. கால்வாசி. பாதி. கையைப் பேரிங் மேல் வைத்துக்கொண்டிருந்தேன். முக்கால். முழுசாகத் திறந்தேன். கைக்கு ஒரு முனகல்தான் தெரிந்தது, தூங்குகிற பூனை மாதிரி. சுவரில் ஸ்பானர்கள் அப்படியே தொங்கின. ஸ்டெனலா ஓடி வந்து "ஃபிரிட்ஜ் பேசுது! ஃபிரிட்ஜ் பேசுது!" என்று கத்தினாள். மதியத்துக்குள் மில் வாசலில் வரிசை ஓடைப் பாலம்வரை நின்றது.

ஐந்து நாள் ஓட்டிவிட்டு நேற்று நிறுத்திப் பார்த்தேன். எஃகு வரப்பு பளபளக்கிறது. ரெசினில் நகக்கீறல் அளவுகூட இல்லை. வெண்கலக் கிண்ணங்கள்தான் கிழடு தட்டித் தெரிகின்றன.

ஒரு விஷயம். டர்பைனிலிருந்து வெளியே போகும் தண்ணீரைத் தன் வாழைத் தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டித் திருப்பிக்கொள்ளலாமா என்று நஸோம்பே இன்று காலை வந்து கேட்டார். தலையாட்ட இருந்தேன். கழுத்து பாதி வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

நீ என்ன சொல்கிறாய்?

மயேஸோ


லிம்பே,
மார்ச் 28

அண்ணா,

மெஷின் ஓடிக்கொண்டிருக்க, நின்றபடியே படித்தேன். லிகொங்வே அம்மா வந்து மெஷினை நிறுத்திவிட்டு "யாரு செத்தா?" என்று கேட்டார். "யாரும் சாகலம்மா, கரண்ட் வந்துடுச்சு" என்றேன். "அதுக்கா இந்த அழுகை?" என்றார். அதற்கு மட்டும் இல்லை என்று அவருக்குச் சொல்லவில்லை.

சாவிக்காகச் சொன்னாய் என்பது வலிக்கிறது. பலகையில் பேர் இருந்தது நன்றாக இருந்தது என்று ஊர் நடுவில் ஒத்துக்கொண்டாயே, அதை இரண்டு முறை படித்தேன். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஒன்றுக்காக இன்னொன்றைத் தூக்கிப் போட முடியவில்லை.

வெண்கலம் கிழடு தட்டியிருக்கிறது என்றால் பதினாறையும் மாற்றிவிடலாம். அச்சு இருக்கிறது, பேக்கரிக்காரர் பழகிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஜோடி வார்க்கிறேன். வார்த்ததை எடைபோட்டு முதுகில் எண் எழுதுகிறேன். மே மாதக் கடைசியில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். மாட்டும்போது ஸ்பானரின் ஒரு பக்கம் எனக்கு. மறுபக்கம் அண்ணிக்கு. நீ வால்வைப் பார்த்துக்கொள்.

கொட்டகை அங்கேயே இருக்கட்டும், இடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் தலைவி முன்னால் ஒரு காகிதம் எழுத வேண்டும். இடம் அலினாஃபேயுடையது, கமிட்டி அவள் சம்மதத்தில் கொட்டகை வைத்திருக்கிறது என்று. அதில் நான் கையெழுத்துப் போடுவேன். நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. கீழ்ப் பக்கம் மிச்சமுள்ள நிலத்தில் ஜூன் மாதம் பீன்ஸும் கடுகுக் கீரையும் போடப் போகிறேன். பட்டறையில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன். களை எடுக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் அண்ணியைக் கேட்டிருக்கிறேன், விளைச்சலில் பாதி அவளுக்கு. கேட்டபோது போனில் "சரி" என்று சொல்வதற்கு முன்னால் அரைமணி நேரம் உன்னைப் பற்றிப் பேசினாள். நல்லதாக எதுவும் இல்லை.

வாய்க்கால் விஷயம். அந்தத் தண்ணீர் என் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. நஸோம்பேயிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். சரி என்றும் சொல்லாதே, முடியாது என்றும் சொல்லாதே. மே மாதம் நான் வரும்போது அவரே வந்து என்னிடம் கேட்கட்டும். எல்லாரும் இருக்கும்போது, என் முகத்தைப் பார்த்து.

கேட்டால் தருவேன்.

அலினாஃபே